மெஹாரி மருத்துவக் கல்லூரியும் நியாசாலாந்து மாணவர் இருவரும்

மருத்துவக் கல்வி பொருள் உடையார்க்கு எளிதாகவும் இல்லார்க்கு அரிதாகவும் இருந்து வருவதை நாம் அறிவோம். பிறப்பினைக் காரணம் காட்டி அக்கல்வியின் வாயில் அடைக்கப்பட்ட மக்களும் உலகில் உண்டு. அத்தகையோர்க்கென எழுந்த தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றன் வரலாற்றையும், கடல் கடந்து சென்று அங்குப் பயின்ற ஆப்பிரிக்கர் இருவரின் வரலாற்றையும் இவ்வெள்ளி விழா மலரில் எடுத்துரைக்க விழைகிறோம். நம் பிள்ளைகள் அயல்நாட்டுத் தனியார் கல்லூரிகளை நாடிச் செல்லும் இந்நாளில், இவ்வரலாற்றில் நாம் கற்க வேண்டியன பல உள.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1865-இல் உள்நாட்டுப் போர் முடிவுற்றது. அவ்வாண்டிலேயே அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பெற்று, ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் விடுதலை எய்தினர். இச்செய்தி நம் நாட்டிலும் எதிரொலித்தது. மகாத்மா ஜோதிராவ் புலே 1873-இல் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். எனினும் சட்டம் தந்த விடுதலையைக் கல்விக்கூடங்கள் தரவில்லை. தென் மாநிலங்களின் மருத்துவக் கல்லூரிகள் கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. அம்மக்களின் பிணி தீர்க்க அவர்களிடையே மருத்துவர் தோன்றுதற்கு வழியில்லாதிருந்தது.

இந்நிலையில் 1876-ஆம் ஆண்டு, டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில், மெதடிஸ்டு திருச்சபையைச் சார்ந்த விடுதலை பெற்றோர் உதவிச் சங்கத்தின் முயற்சியால் ஒரு மருத்துவப் பிரிவு தொடங்கப்பெற்றது. மெஹாரி என்னும் குடும்பப் பெயருடைய வெள்ளையின உடன்பிறந்தார் ஐவர், பணமும் சொத்துமாக 30,000 டாலருக்கு மேல் அதற்கு ஈந்தனர். அவருள் ஒருவரான சாமுவேல், இளமையில் உப்பு ஏற்றிச் சென்ற வண்டி வழியிலே சேற்றிற் சிக்கியதாகவும், விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பம் ஒன்று அவருக்கு உணவும் இடமும் அளித்து வண்டியையும் மீட்டுத் தந்ததாகவும், அந்நன்றிக்குக் கைம்மாறே இக்கொடை எனவும் கல்லூரி மரபு கூறும். 1915-இல் அப்பிரிவு மெஹாரி மருத்துவக் கல்லூரி என்னும் பெயரில் தனி நிறுவனமாயிற்று.

இதற்கிடையே ஒரு சோதனை வந்தது. கார்னகி அறநிலையத்தின் சார்பில் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பார் நாட்டின் மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து 1910-இல் அறிக்கை ஒன்றை வெளியிட்டார். தரமற்ற கல்லூரிகளை மூடுக என்பது அதன் சாரம். அந்நாளில் இயங்கிய கறுப்பினக் கல்லூரிகள் 7. அவற்றுள் நிலைக்கத் தக்கனவென அவர் பரிந்துரைத்தவை வாஷிங்டன் நகரத்து ஹோவர்டும் மெஹாரியும் ஆகிய இரண்டே. ஏனைய ஐந்தும் 1923-க்குள் மறைந்தன. தரம் வேண்டுமென்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆயின் கருவியும் கட்டடமும் இல்லாத கல்லூரிக்கு அவற்றை வழங்கி உயர்த்தாது, இல்லாமையையே குற்றமாக்கி மூடியதனால் இழப்புற்றோர் ஏழை நோயாளிகளே. கறுப்பின மருத்துவரின் பணி தம் இனத்தார்க்கே உரியது என அவ்வறிக்கை வரையறுத்ததையும் நாம் மறத்தற்கில்லை.

இக்கல்லூரியை நாடி ஆப்பிரிக்காவினின்றும் மாணவர் வந்தனர். இன்று மலாவி எனப்படும் நியாசாலாந்து அக்காலத்தில் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. அந்நாட்டினரான டேனியல் மலெகெபு, கறுப்பின அமெரிக்க அருட்பணியாளரான எம்மா டிலேனி அம்மையாரின் ஆதரவால் இளமையிலேயே அமெரிக்கா சென்று, 1917-இல் மெஹாரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். தாம் வளர்ந்த மிஷன் நிலையத்திற்கே திரும்ப வேண்டுமென்பது அவர் வேட்கை. ஆனால் அந்நிலையத்தை நிறுவிய ஜான் சிலெம்ப்வே 1915-இல் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்து உயிர் துறந்தவர். ஆதலின் அமெரிக்காவில் பயின்ற ஆப்பிரிக்கரை அரசு ஐயக் கண்கொண்டே நோக்கியது. மலெகெபுவைத் தொடக்கத்தில் நாட்டினுள் விடவில்லை. 1926-இல்தான் இசைவு கிடைத்தது. இடிக்கப்பட்ட அந்நிலையத்தை அவர் மீண்டும் எழுப்பி, வழிபாட்டோடு கல்வியும் மருத்துவமும் அங்குத் தழைக்கச் செய்தார்.

மற்றொருவர் ஹேஸ்டிங்ஸ் பண்டா. தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் பணியாற்றிய இவர், ஆப்பிரிக்க மெதடிஸ்டு திருச்சபையின் துணைகொண்டு 1925-இல் அமெரிக்கா சென்றார். புரவலர் சிலரின் பொருளுதவியால் பயின்று, 1937-இல் மெஹாரியில் மருத்துவரானார். ஆயினும் அப்பட்டம் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் தொழில் புரியப் போதுமானதாக இல்லை. எனவே ஸ்காட்லாந்து சென்று எடின்பரோவில் மீண்டும் பயின்று, 1941-இல் உரிமம் பெற்றார். பின்னாளில் இங்கிலாந்தில் மருத்துவராய் விளங்கிய அவர், 1958-இல் தாயகம் திரும்பி விடுதலை இயக்கத்திற்குத் தலைமை ஏற்றார். 1964-இல் மலாவி விடுதலை பெற்றது. 1966-இல் குடியரசுத் தலைவரான அவரது ஆட்சி, 1994 வரை எதிர்ப்பை ஒடுக்கும் ஒரு கட்சி ஆட்சியாகவே நடந்தது. உயர்கல்வி ஒருவரை மேன்மக்களாக்கியே தீரும் என்பதற்கு உறுதியில்லை என்பதையும் அவர் வரலாறு உணர்த்துகின்றது. மலாவி தன் மண்ணிலேயே மருத்துவக் கல்லூரி ஒன்றைக் கண்டது 1991-இல்தான்.

இவ்வரலாற்றால் நாம் தெளிவன மூன்று.

முதலாவது, தனியார் கல்லூரி என்ற பெயர் மட்டும் ஒரு நிறுவனத்தின் இயல்பைக் காட்டாது. அண்ணல் அம்பேத்கர் 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையால் சென்று பயின்ற கொலம்பியாப் பல்கலைக்கழகமும் தனியார் நிறுவனமே. கட்டணம் ஈட்டுதற்கே நிறுவப்பெற்றதா, கல்வி வழங்குதற்கு நிறுவப்பெற்றதா என்பதே நாம் வினவத் தக்கது.

இரண்டாவது, சென்ற நாட்டில் பெறும் பட்டம் திரும்பும் நாட்டில் செல்லுபடியாக வேண்டும். பண்டாவுக்கு நேர்ந்ததே நம் பிள்ளைகளுக்கும் நேர்கின்றது. அயல்நாட்டில் பயின்றோர்க்கென 2002 முதல் தகுதித் தேர்வு நடைபெற்று வருகின்றது. 2018 முதல், செல்வதற்கு முன்னரே நீட் தேர்விலும் தகுதி பெறல் வேண்டும் என்றாயிற்று. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விதிகள், குறைந்தது 54 மாதப் படிப்பும், அந்நாட்டில் 12 மாதப் பயிற்சியும், ஆங்கில வழிப் பாடமும், அந்நாட்டிலேயே மருத்துவராய்த் தொழில் புரியும் தகுதியும் வேண்டுகின்றன. 2022-இல் உக்ரைன் நாட்டில் போர் மூண்டபோது, படிப்பை இடையில் விட்டுத் திரும்பிய ஆயிரக்கணக்கான மாணவரின் துயரம் யாவரும் அறிந்ததே. முகவர் சொல்லை நம்பிக் காணியை ஈடு வைத்த பின்னர் விதிகளை ஆராய்வதில் பயனில்லை.

மூன்றாவது, மலெகெபுவும் பண்டாவும் தம் குடும்பப் பொருள் ஒன்றையே நம்பிச் சென்றவரல்லர். திருச்சபையும் புரவலரும் அவர்களுக்குத் துணை நின்றனர். நம்மிலோ, ஒரு பிள்ளையின் மருத்துவப் படிப்பிற்காக ஒரு குடும்பம் தன் முழுமையையும் பணயம் வைக்கின்றது. தேர்வில் ஒருமுறை தவறினும் கடன் சுமை அவர்களை மட்டுமே அழுத்துகின்றது.

ஆதலின் இவ்வெள்ளி விழா ஆண்டில் நம் சங்கத்தார் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். அயல்நாடு செல்ல விரும்பும் மாணவரின் கல்லூரியையும் விதிகளையும் பணம் கட்டுமுன் ஆராய்ந்து கூறும் குழுவொன்றை அமைத்தல் வேண்டும். பட்டத்தோடு திரும்பித் தகுதித் தேர்வுக்குப் படிப்போர்க்கு உறைவிடமும் நூல்களும் அளித்தல் வேண்டும். இங்ஙனம் துணை பெற்றோர், மலெகெபுவைப் போன்று தம் மக்கள் வாழும் இடத்தே சில ஆண்டுகளேனும் மருத்துவம் புரிய முன்வருதல் வேண்டும். இம்மூன்றும் கைகூடுமாயின், நம் சேரிகளின் நோயாளிகள் மருத்துவரைத் தேடி நெடுந்தொலைவு நடக்கும் நிலை நம் காலத்திலேயே மாறும்.