சிக்காகோ சர்வகலாசாலைக் காற்பந்தாட்டக் குழு

1892-இல் சிக்காகோ சர்வகலாசாலை தன் வகுப்புகளைத் தொடங்கியபோதே, அதன் முதல் தலைவரான வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், புதிய ஸ்தாபனத்தின் கீர்த்தி நாடெங்கும் பரவ அமெரிக்கக் காற்பந்தாட்டம் தக்க சாதனமாகும் என்று கருதி, அமோஸ் அலன்சோ ஸ்டாக் என்பவரைத் தேகப்பயிற்சித் துறையின் தலைவராக, பேராசிரியர்களுக்குரிய நிரந்தரப் பதவியுடன் நியமித்தார். பயிற்சியாளர்களைப் பருவத்திற்குப் பருவம் கூலிக்கு அமர்த்திய அக்காலத்தில் இது புதுமையான ஏற்பாடு. ஸ்டாக் தம் துறையின் வரவு செலவைப் பெரும்பாலும் தாமே நிர்வகித்தார்; பார்வையாளர் செலுத்திய கட்டணமே அதன் ஜீவாதாரம். பிற்காலத்தில் ‘பிக் டென்’ எனப் பெயர் பெற்ற கூட்டமைப்பில் 1899 முதல் 1924 வரை ஏழு முறை இக்குழு முதலிடம் பெற்றது. 1901 முதல் தோல்வியே காணாதிருந்த மிச்சிகன் குழுவை 1905-இல் 2–0 என்ற கணக்கில் வீழ்த்திய ஆட்டம் இக்குழுவின் வெற்றிகளுள் தலையாயது.

1929-இல், முப்பது வயதில், தலைமையேற்ற ராபர்ட் ஹட்சின்ஸ், சர்வகலாசாலையின் பிரதான தர்மம் வித்தையே என்பதில் உறுதியாக நின்றார். எழுபது வயதெய்திய ஸ்டாக் 1932-இல் விலக நேர்ந்தது. அவரோ ஓய்வை விரும்பாது கலிபோர்னியாவுக்குச் சென்று அங்கும் பயிற்சியளித்தார். அவருக்குப் பின் வந்த கிளார்க் ஷானெஸ்ஸிக்குக் கிட்டிய தனிப்பெரும் வீரர் ஜே பெர்வாங்கர். ஹைஸ்மன் பரிசு என்று பின்னர் வழங்கிய விருதை 1935-இல் முதன்முதலாகப் பெற்றவர் அவரே. ஆயினும், கடினமான பரீட்சைகளில் தேறவும் வேண்டும், ஆட்டத்திற்கென்று உபகாரச் சம்பளமும் இல்லை என்ற நிலையில், அவரைப் போன்றோர் பலர் சேர்வது எங்ஙனம்? 1939-இல் மிச்சிகனிடம் 85–0 என்றும், ஹார்வர்டிடமும் ஒஹாயோவிடமும் 61–0 என்றும் குழு தோற்றது. அவ்வாண்டு டிசம்பரில் தர்மகர்த்தர்கள் குழுவைக் கலைத்தனர். பழி பயிற்சியாளருடையதன்று என்பது திண்ணம்: மறு ஆண்டே ஷானெஸ்ஸியின் ஸ்டான்போர்டு குழு ஒரு தோல்வியுமின்றிப் பருவத்தை முடித்தது. வெற்றிக்காகப் பாடங்களைத் தளர்த்தாத சிக்காகோவின் துணிவு பெரிதும் போற்றத்தக்கது.

இக்குழு முன்பு ஆடிவந்த ஸ்டாக் மைதானத்து மேற்குப் படிவரிசையின் கீழ், 1942 டிசம்பர் 2 அன்று, என்ரிக்கோ ஃபெர்மியின் குழுவினர் கட்டுப்படுத்தப்பட்ட அணுத் தொடர்வினையை முதன்முதல் நிகழ்த்தினர். 1946-இல் கூட்டமைப்பிலிருந்து சர்வகலாசாலை விலகியது; 1969-இல் ஆட்டம் புத்துயிர் பெற்று, விளையாட்டுக்கான உபகாரச் சம்பளம் வழங்காத மூன்றாம் பிரிவில் இன்று நடைபெறுகிறது.