காவல் கேமராக்களுக்கான மறைவான அகச்சிவப்பு விளக்கு

இருட்டில் காவல் கேமராவுக்கு மட்டும் வெளிச்சம் தந்து, எதிரே வருபவருக்குத் தான் இருப்பதைக் காட்டிக்கொடுக்காத விளக்கு இது. மனிதக் கண்ணுக்கு ஏறத்தாழ 380 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளிதான் நன்றாகத் தெரியும். கேமராவின் சிலிக்கான் உணரி கிட்டத்தட்ட 1,100 வரை உணரும். கண்ணுக்கு எட்டாமல் கேமராவுக்கு மட்டும் எட்டும் அந்தப் பகுதியில்தான் இவ்விளக்குகள் எரிகின்றன. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை 850, 940 நானோமீட்டர் என இரண்டு வகை. 850 விளக்கை நேராகப் பார்த்தால் மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியும், 940 தெரியாது. ஆகவே, மறைவு வேண்டுமென்றால் 940 வாங்குங்கள் என்று கடைக்காரர் ஒரே வரியில் முடித்துவிடுவார். கான்சாபுரம் போன்ற மலையடிவார ஊர்களின் தேவைக்கு அந்த ஒரு வரி போதாது. விளக்கை எங்கே, எந்தக் கோணத்தில் நிறுத்துகிறோம் என்பதே முதலில் மறைவைத் தீர்மானிக்கிறது. அலைநீளம் அதற்குப் பிறகுதான்.

விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி இருக்கிறது கான்சாபுரம். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தொடங்கி இந்த அடிவாரம் நெடுக மா, தென்னந்தோப்புகள் முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடுகிறது. 1988இல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காடு, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. நாட்டின் 51ஆவது, தமிழகத்தின் 5ஆவது காப்பகம் அது. வேலிக்கு அந்தப் பக்கம் வனத்துறையின் தானியங்கி கேமரா, இந்தப் பக்கம் விவசாயியின் சிசிடிவி. இரண்டுக்கும் ஒரே விளக்கு பொருந்தாது. காட்டுத்தடத்தில் கட்டும் கேமராவுக்கு முன்னால் விலங்கு சில மீட்டர் தூரத்திலேயே கடக்கும். அங்கே 940 தாராளம். வேட்டைக்கு வருபவன் கண்ணில் பட்டால் கேமராவையே கழற்றிக்கொண்டு போய்விடுவான் என்பதால் மறைவும் அவசியம். ஆனால் புலியை அதன் வரிகளை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். அகச்சிவப்பில் ஓடும் புலி சாம்பல் நிறத்தில் கலங்கித் தெரியும். வெள்ளை ஃபிளாஷில் வரி கூர்மையாகப் பதியும். காட்டுக்குள்ளேயே மறைவைக் கைவிட வேண்டிய வேலையும் உண்டு என்பதற்கு இது சான்று.

தோப்புக்கு வருவோம். 940இல் சிலிக்கானின் உணர்திறன் 850இல் உள்ளதைவிடப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடுகிறது. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்ற கணக்குப்படி, உணர்திறன் பாதியானால் எட்டும் தூரம் பத்துக்கு ஏழாகக் குறையும். 850இல் 30 மீட்டர் தெரிந்த வரப்பு 940இல் 21 மீட்டரோடு நின்றுவிடும். அந்த எல்லையை நெருங்க நெருங்கப் படத்தில் புள்ளி மொய்க்கும், நடக்கிற ஆள் இழுபட்டுத் தெரிவான். கூடுதல் விளக்கு போட்டு ஈடுகட்டலாம். சோலார் பேட்டரியில் ஓடும் கேமராவுக்கு அது கட்டுபடியாகாது. இன்னொன்றும் உண்டு: பச்சை இலை அகச்சிவப்பை நன்றாகத் திருப்பியடிக்கும். கேமராவுக்கு முன்னால் ஒரு தென்னை ஓலை தொங்கினால் அது சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள, பின்னால் நிற்கும் ஆள் கறுத்துப்போவான். எந்த அலைநீளம் வாங்கினாலும் இந்தக் குறை தீராது. ஓலையை வெட்ட வேண்டும், அல்லது விளக்கை நகர்த்த வேண்டும்.

நகர்த்துவதில்தான் பெரும்பகுதி தீர்வும் இருக்கிறது. லென்ஸைச் சுற்றியே எல்இடி பதித்த புல்லட் கேமராவில் சிலந்தி வலை, பூச்சி, தென்மேற்குப் பருவத்துச் சாரல் எல்லாமே பளிச்சிட்டு இரவெல்லாம் பொய் எச்சரிக்கை வரும். உள்விளக்கை அணைத்துவிட்டு, மூன்று நான்கு மீட்டர் தள்ளித் தனித் தூணில் விளக்கை வைத்தால் லென்ஸ் முன் இருப்பவை பளிச்சிடுவது வெகுவாகக் குறையும். 850இன் சிவப்பும் ஒளிக்கற்றைக்கு நேராக நின்று பார்ப்பவருக்கே நன்றாகத் தெரியும். உயரத்தில் வைத்து, மேலே ஒரு மூடி போட்டு, வழிக்குக் குறுக்காகத் திருப்பிவிட்டால் நடந்து வருபவர் கண்ணில் அது சிக்குவது அரிது. சிக்கினாலும், கேமரா எங்கே என்பது அவருக்குத் தெரியாது.

சிவப்பு தெரிந்தால் திருடன் பயப்படுவானே, ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்கலாம். பயமுறுத்துவது நோக்கமென்றால் வெள்ளை விளக்கே போடலாம். தீக்குச்சி முனையளவு சிவப்பு யாரையும் விரட்டாது. 940 போட்டால் விலங்கு உணராது என்பதும் முழு உண்மையில்லை. கேமரா எழுப்பும் ஒலியையும் ஒளியையும் விலங்குகளால் உணர முடியும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014இல் எழுதினார்கள். விளக்கே வேண்டாத வெப்பக் கேமரா இருக்கிறதே என்பது வலுவான மறுப்பு. கோவை மதுக்கரையில் ரயில் பாதையைக் கடக்கும் யானைகளுக்காக 2024இல் வனத்துறை கோபுரங்களில் பொருத்தியவை அத்தகையவைதான். யானைக்கு அது சரி; ஆனால் விலை ஒரு தோப்புக்காரருக்குத் தாங்காது, திருடனின் முகமும் அதில் பிடிபடாது.

மறைவு அண்டை வீட்டாருக்கு எதிராகவும் திரும்பக்கூடும் என்பது மறுக்க முடியாத ஆட்சேபம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தெரியாத ஒளியில் பக்கத்து முற்றத்தைப் பார்ப்பது எளிது என்பதால், பார்வையை நம் வேலிக்குள் நிறுத்தி வாசலில் அறிவிப்புப் பலகை வைப்பதே முறை. கண்ணும் கவனிக்க வேண்டியது: அகச்சிவப்புக்குக் கண்மணி சுருங்காது. சக்தி கூடிய விளக்கைக் குழந்தைகளின் முக உயரத்தில் வைக்கக் கூடாது. ஐஇசி 62471 தரத்தின்படி சோதித்த விளக்குதானா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வாசல், மோட்டார் அறை, பத்துப் பதினைந்து மீட்டர் நடைபாதை ஆகியவற்றுக்கு 940; நீண்ட வரப்புக்கும் வேலியோரத்துக்கும் மூடி போட்ட 850. வாங்கிய விளக்கு எரிகிறதா என்று பார்க்கப் பெரும்பாலும் செல்போன் கேமராவே போதும். டிவி ரிமோட்டின் முனையை அதில் பார்த்தால் மினுங்குவது இந்த 940 வகை ஒளிதான். உங்கள் செல்போனில் தெரிகிற விளக்கு திருடன் செல்போனிலும் தெரியலாம். அதையும் கணக்கில் கொண்டே இடம் பாருங்கள்.