அப்புத்தளையில் ஒரு பழைய காரும் திருப்பிப் பூட்டிய ஆணிகளும்

1986ஆம் ஆண்டின் ஒரு மாலைப்பொழுது. செய்தி சேகரிப்பதற்காகப் பதுளைக்குச் சென்றுகொண்டிருந்தேன். பெரகலைச் சந்தியைத் தாண்டி அப்புத்தளை நோக்கி ஏறுகையில் எனது மொரிஸ் மைனரின் பிரேக் மிதி தரைவரை இறங்கிவிட்டது. ஏற்றமாக இருந்தமையால் உயிர் தப்பினேன். காலங்கடந்த ரப்பர் வளையங்களை மாற்றாமல் விட்ட குற்றம் என்னுடையது. கைப்பிரேக்கின் உதவியோடு ஊர்ந்து, நகரத்திலிருந்த தகரக் கூரைக் கராஜ் ஒன்றை அடைந்தேன்.

"ரப்பர்தானே, வாங்கி நானே மாற்றியிருக்கலாம்" என்றேன். கராஜின் உரிமையாளரான தமிழர் சிரித்தார்.

"கழட்டுறது யாருக்கும் வருமுங்க ஐயா. திரும்பப் பூட்டுறதுலதான் தொழில் இருக்கு."

காரைச் சொந்தமாகத் திருத்த முனைவோரைத் திணறடிக்கும் வேலைகள் எவை என்ற கேள்விக்கு அன்றுதான் எனக்கு விடை கிடைத்தது. அவ்விடை மலையகத்தின் வரலாற்றோடு பிணைந்தது என்பது பின்னரே புரிந்தது.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் அறிமுகமான மொரிஸ் மைனர் எளிமையான வாகனம்தான். ஆனால் அதன் பிரேக் பிரதான உருளை சாரதியின் காலடித் தரைக்குக் கீழே, அடிச்சட்டத்தினுள் மறைந்திருக்கிறது. அதனைப் பிடித்திருக்கும் நீண்ட ஆணிகளை உருவ முயன்றால் முன்சில்லின் பாரத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பி வழிமறிக்கும். அக்கம்பியோ இறுகி முறுகிய நிலையில் இருப்பது. முறையறியாது தளர்த்துபவரின் கையை முறித்துவிடக்கூடியது. சில ரூபாய் பெறுமதியான ரப்பருக்காகக் காரின் முன்பாதியையே அவிழ்க்க நேரும்.

கியர்பெட்டி அதனினும் கடினம். இவ்வகைக் காரின் முதலாவது கியருக்கு வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்புக் கிடையாது. சமவெளியில் அது பெரிய குறையன்று. அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைக்குச் செல்லும் வளைவுகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலாவது கியருக்கு மாறவேண்டிவரும். பற்கள் உரசித் தேயும். கழற்றிப் பூட்டும்போது உள்ளிருக்கும் ஊசி உருளைகளைக் கிறீஸ் பூசி ஒவ்வொன்றாக ஒட்டவைக்க வேண்டும். ஒன்று விழுந்தாலும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பழைய போர்ட் பிரிபெக்ட் கார்களின் இயந்திரத்தில் வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்த தாங்கிகள் இருந்தன. நீலச்சாயம் பூசி, சுழற்றிப் பார்த்து, சாயம் பட்ட இடத்தை மட்டும் சுரண்டி, மீண்டும் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு மயிரிழை கூடுதலாகச் சுரண்டினால் இயந்திரம் தட்டத் தொடங்கும். இந்த அளவைக் கையும் காதும்தான் பழகித் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கையும் காதும் மலையகத்தில் எவ்வாறு உருவாயின? தேயிலைத் தொழிற்சாலைகளே முதற் பள்ளிக்கூடங்கள். தோட்டங்களுக்கான இயந்திரப் பட்டறையாக 1875இலேயே அட்டனில் பிரவுண் கம்பெனி தொடங்கப்பட்டுவிட்டது. பட்டறைகளில் ஏவல் செய்தும் துரைமாரின் கார்களைக் கழுவியும் நின்ற லயத்துப் பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அரசாங்க உத்தியோகம் அவர்களுக்கு இல்லை. கராஜ்களோ பிரசாவுரிமைப் பத்திரம் கேட்கவில்லை.

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி ஏறத்தாழ நின்றுபோனது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை பழைய கார்களே ஓடியாக வேண்டும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பின் துரைமார் வெளியேறினர். கார்கள் கைமாறின. உதிரிப்பாகம் இல்லாதபோது, தேய்ந்த உருளையைக் கடைந்து உள்ளே பித்தளைக் குழாய் செருகுவது போன்ற வித்தைகள் வழக்கமாயின. அவ்விருபது ஆண்டுகளில் நாட்டின் சில்லுகளைச் சுழலவைத்தவர்களுள் வாக்குரிமையற்ற மனிதர்களும் இருந்தனர் என்பதை நாம் போதியளவு எழுதவில்லை.

அந்தக் கராஜுக்கே திரும்புவோம். விளக்கோடு காருக்கடியில் புகுந்தவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர் என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். உருளையின் ஆணிகளை யாரோ முன்னரே திசைமாற்றிப் பூட்டியிருந்தார்கள். அப்படிப் பூட்டினால் அடுத்த முறை முறுக்குக் கம்பியைத் தொடாமலே ஆணிகளை உருவிவிடலாம்.

"இது எங்க பாஸோட வேலைங்க. இந்தப் பக்கம் ரெண்டு பேருக்குத்தான் இந்த யோசனை தெரியும். ஒருத்தர் அவரு. இன்னொருத்தன் நான்."

அவருடைய பாஸ் எங்கே என்று கேட்டேன். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் தீர்மானித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. அவ்வாறு தலைமன்னாருக்குச் சென்ற ரயில்களை மலையகம் அழுகைக் கோச்சி என்றழைத்தது. அவற்றுள் ஒன்றில் அவரது பாஸ் ஸ்பேனர் பெட்டியைச் சீடனிடம் விட்டுவிட்டு ஏறிப் போய்விட்டாராம். நீலகிரிக்குச் சென்றதாகக் கேள்வி. கடிதம் வரவில்லை.

அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. ரப்பருக்கு மட்டும் காசு வாங்கினார். "கூலிய அவரு ஏற்கெனவே வாங்கிட்டாருங்க" என்றார்.

இன்றைய கார்களின் கடினம் வேறுவிதமானது. டொயோட்டா பிரியஸ் போன்ற கலப்பின வாகனத்தின் மின்கலத் தொகுதி 200 வோல்ட் அளவிலானது. முறையான கையுறையின்றித் தொடுவது உயிராபத்து. கணினி காட்டும் பிழைக்குறியை வாசிக்கவே தனிக்கருவி வேண்டும். ஆயினும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2022இல் நாடு கடனில் மூழ்கியபோது, உதிரிப்பாக விலைகள் எட்டாத உயரத்துக்குச் சென்றன. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு வழி திறக்கும்வரை இலங்கையர் மீண்டும் பழைய கைகளைத் தேடிச் சென்றனர்.

அக்கைகளுள் எத்தனையை நாம் கப்பலேற்றி அனுப்பினோம் என்று கணக்கெடுத்தவர் எவருமில்லை. அந்தக் கார் இப்போது என்னிடம் இல்லை. யாரிடம் இருந்தாலும் அவ்வாணிகள் திருப்பிப் பூட்டியபடியே இருக்கும் என்று நம்புகிறேன்.