அஞ்சலும் தபாலும்: நாஞ்சில் நாட்டில் ஆங்கில அலுவல் சொற்கள் தமிழான வரலாறு

ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ப்பொருள் எப்படி அமைந்தது என்று ஆராய்பவர்கள் அகராதிகளில் இருந்தே தொடங்குவது வழக்கம். வேப்பேரியில் 1779இல் அச்சான ஃபப்ரீசியஸ் அகராதி, 1862இல் சென்னையில் வெளிவந்த வின்சுலோ அகராதி, 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகன் என்று அந்த வரிசை நீளும். லெக்சிகனின் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை சில ஆண்டுகள் திருவனந்தபுரத்தில் வக்கீலாக இருந்தவர். கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டின் வழக்குகள் சில தனிக் குறிப்போடு லெக்சிகனில் இடம்பெற்றன. ஆனாலும் அகராதி வரிசையை மட்டும் பின்தொடர்ந்தால் கன்னியாகுமரி மாவட்டத்தின் சொல் வரலாறு கைக்கு எட்டாது. இங்கே ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எது தமிழ் என்பதைப் பெரும்பாலும் அரசுக் கச்சேரியும் நாணயமும் பத்திரமுமே தீர்மானித்தன. ஆட்சியின் எல்லைதான் பொருளின் எல்லையாகவும் இருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1949 வரை திருவிதாங்கூர் அரசிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்து, 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தன. அதுவரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே ஒரு நிர்வாகத் தமிழ், மேற்கே வேறொரு நிர்வாகத் தமிழ். இந்தப் பிளவு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் கடிதப் போக்குவரத்து.

ஆங்கிலேயர் ‘போஸ்ட்’ என்றதைத் திருநெல்வேலிச் சீமையில் ‘தபால்’ என்றார்கள். கம்பெனி ஆட்சிக் காலத்தில் தெற்கிலும் மேற்கிலும் பரவிய சொல் அது. நாஞ்சில் நாட்டிலோ அது ‘அஞ்சல்’. திருவிதாங்கூர் அரசு தன் உத்தரவுகளையும் அரண்மனைச் சாமான்களையும் கொண்டுசெல்ல வைத்திருந்த ஓட்டக்காரர் ஏற்பாட்டுக்கே அந்தப் பெயர். மணி கட்டிய கோலோடு ஓடிய அஞ்சல்காரர், குறித்த இடத்தில் நிற்கும் அடுத்தவரிடம் பையைக் கைமாற்றுவார். ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்வது என்ற இந்தப் பொருள் இன்றைய தமிழிலும் உயிரோடு இருக்கிறது. தொடர் ஓட்டப் பந்தயத்தை ‘அஞ்சல் ஓட்டம்’ என்கிறோம். ஒரு வானொலி நிலையத்தின் நிகழ்ச்சியை இன்னொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை ‘அஞ்சல் செய்வது’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘போஸ்ட்’ என்ற சொல்லும் வழியில் ஆளும் குதிரையும் நிறுத்தப்பட்ட நிலையிலிருந்து வந்ததுதான். இரு மொழிகளும் ஒரே வேலையைப் பார்த்துத் தனித்தனியே பெயர் வைத்திருக்கின்றன. அதனால் ‘அஞ்சல்’ ஆங்கிலத்தின் மொழிபெயர்ப்பாகப் பிறந்த சொல் என்று சொல்வதைவிட, ஆங்கிலச் சொல்லுக்கு இணையாக ஏற்கெனவே நின்றிருந்த சொல் என்று கொள்வதே சரி.

இதற்கு நல்ல சான்று திருவிதாங்கூர்க் கடிதங்களில் ஒட்டிய வில்லைகள். 1888 அக்டோபரில் வெளிவந்த முதல் வில்லைகள் ஒரு சக்கரம், இரண்டு சக்கரம், நான்கு சக்கரம் மதிப்புடையவை. நடுவில் அரசின் சின்னமான சங்கு. ஆங்கில எழுத்தில் பெயர் பொறித்தபோதும் அரசு ‘போஸ்ட்’ என்று எழுதவில்லை, ‘அஞ்சல்’ என்றே ரோமன் எழுத்தில் எழுதியது. இங்கே சொல்லை மொழிபெயர்க்க அரசே மறுத்தது.

அந்த வில்லையின் பெயரையும் பாருங்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் 1854ஆம் ஆண்டு வில்லைகளில் விக்டோரியா அரசியின் தலை இருந்தது. ‘தபால்தலை’ என்ற தமிழ் அதிலிருந்து வந்தது என்று கொள்வதே பொருத்தம். சங்கு பதித்த வில்லைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. அரசர் சித்திரைத் திருநாளின் உருவம் திருவிதாங்கூர் வில்லையில் ஏறியது 1931இல்தான். இலங்கைத் தமிழரோ அதே பொருளை ‘முத்திரை’ என்றார்கள். தபால் ஆபீஸைத் ‘தபால் கந்தோர்’ என்றார்கள், கந்தோர் டச்சுக்காரர் விட்டுச்சென்ற சொல். ‘ஸ்டாம்ப்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல் ஆட்சிக்கு ஆட்சி வேறு தமிழாயிற்று.

1951 ஏப்ரலில் அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. சொல் அத்தோடு மறைந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956இல் நிறைவேறிய பிறகு, ஆட்சிச் சொற்களில் தமிழ் வடிவங்களுக்கு முதலிடம் தரும் முயற்சி வலுத்தது. ‘தபால்’ பின்வாங்கியது, அஞ்சலகம், அஞ்சல்தலை, பதிவு அஞ்சல் என்பவை அறிவிப்புப் பலகைகளுக்கு வந்தன. கணினி வந்தபோது மின்னஞ்சலும் பிறந்தது. ‘அஞ்சல்’ என்ற சொல்லை நாஞ்சில் நாட்டிலிருந்துதான் எடுத்தார்கள் என்று நான் வாதிடவில்லை. ஆனால் ஒரு முழு அரசுத் துறையின் பெயராக அது ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு புழங்கியது திருவிதாங்கூர், கொச்சி மண்ணில். தமிழ்ப் பேச்சில் அது அன்றாடச் சொல்லாக இருந்த இடம் தெற்குத் தாலுகாக்கள். இன்று அதைப் புதிதாக ஆக்கிய கலைச்சொல்லாக எண்ணுவது இந்த மாவட்டத்து மக்களுக்குச் செய்யும் அநீதி.

அடுத்து ‘மணி’ என்ற ஆங்கிலச் சொல். எந்த அகராதியும் அதற்குத் தரும் தமிழ் ‘பணம்’. திருவிதாங்கூர்க் கணக்கில் பணம் ஒரு தொகையின் பெயர்: பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். ஆகவே பழைய நாஞ்சில் நாட்டு ஆவணத்தில் ‘பணம்’ என்று வந்தால் அதைப் பொதுவாகச் செல்வம் என்று படிக்கக் கூடாது, எண்ணிக் கொடுத்த தொகையாகப் படிக்க வேண்டும்.

நில ஆவணங்களில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. திருநெல்வேலியில் ‘பத்திரம்’ என்பதை இங்கே ‘ஆதாரம்’ என்றார்கள்; அங்கே ‘குத்தகை’, இங்கே ‘பாட்டம்’. இவை பெயர் மாற்றம் மட்டுமே. ‘ஒற்றி’ அப்படிப்பட்டதன்று. ஆங்கிலச் சட்ட வழக்கில் ‘மார்ட்கேஜ்’ என்ற சொல்லுக்குள் பல வகை அடங்கும். கடன் வாங்கியவர் நிலத்தில் இருந்துகொண்டே அதை ஈடாக வைப்பது ஒரு வகை. நிலத்தைக் கடன் கொடுத்தவர் கையில் ஒப்படைத்து, விளைவையே வட்டியாக எடுத்துக்கொள்ளச் செய்வது இன்னொன்று. ஒற்றி என்பது இந்த இரண்டாவது. அடமானம் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் பெயர்த்தால் நிலத்தில் யார் உழுதார், யார் அறுத்தார் என்ற கேள்விக்கே விடை மாறிவிடும். நாஞ்சில் நாட்டின் நெல்வயல் உடைமையை ஆராய்பவருக்கு இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை.

‘ஏக்கர்’ வந்த பிறகும் வயலைக் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று சொல்வது நின்றுவிடவில்லை. ஏக்கர் நிலத்தின் பரப்பை அளக்கிறது. விதைப்பாடு அந்த நிலம் வாங்கும் விதையை அளக்கிறது.

அதிகாரிகளின் பெயர்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். சென்னை மாகாணத்தின் கலெக்டருக்கு இணையானவர் இங்கே திவான் பேஷ்கார். வருவாய்க் கிராமம் ‘பகுதி’. அதன் அலுவலர் பார்வத்தியக்காரர். ஆனால் ‘முன்சீப்’ என்ற சொல் ஏமாற்றும். கணவாய்க்குக் கிழக்கே முன்சீப் என்றால் கோர்ட்டில் அமரும் நீதிபதியும் உண்டு, வரி வசூலிக்கும் கிராமத் தலைவரும் உண்டு. திருவிதாங்கூரில் முன்சீப் நீதிபதி மட்டுமே.

1940களின் நடுவில் தொடங்கிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய இணைப்புப் போராட்டத்தைப் பலரும் எல்லைப் போராட்டமாகவே எழுதியிருக்கிறார்கள். அரசு அலுவலகத்திலும் கோர்ட்டிலும் எந்த மொழியில் மனு எழுதுவது, யார் அதைப் படித்துப் புரிந்துகொள்வது என்ற கேள்வியும் அதன் உள்ளே இருந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இரண்டு ஆண்டுகளில் இணைப்பு கிடைத்தது. திருவிதாங்கூர் ஆவணங்கள் பின்பற்றிய கொல்லம் ஆண்டுக் கணக்கில் அப்போது 1132 நடந்துகொண்டிருந்தது.

இணைப்புக்கு அடுத்த ஆண்டு தமிழக அரசின் ஆட்சிச் சொல் அகராதி வந்தது. 1960களில் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ் அகராதி வந்தது. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையே அவை பெரிய பாலம். திருவிதாங்கூர்த் தமிழிலிருந்து சென்னைத் தமிழுக்குப் போகும் பாலமாக அவை எழுதப்படவில்லை. அப்படி ஒரு சொற்கோவை இன்றும் தேவைப்படுகிறது. இடப்பக்கம் ஆதாரம், பாட்டம், ஒற்றி, பகுதி, பார்வத்தியக்காரர், சக்கரம். அருகே அன்றைய ஆங்கிலப் பதிவேடு அவற்றை எழுதிய விதம். வலப்பக்கம் இன்றைய ஆட்சித் தமிழ். ஒவ்வொன்றுக்கும் அது வழங்கிய தாலுகாவும் கொல்லம் ஆண்டும் குறிக்கப்பட வேண்டும், ஏனெனில் தோவாளையின் வழக்கு விளவங்கோட்டின் வழக்காக இருக்க வேண்டியதில்லை. தாத்தா காலத்து ஆதாரத்தோடு நாகர்கோவில் கோர்ட்டுக்கு வரும் பாகவழக்குக்காரருக்கும், அதை வாசித்துத் தர வேண்டிய இளம் வக்கீலுக்கும் முதலில் பயன்படப்போவது அந்தச் சொற்கோவைதான்.