ஓசி சீட்டின் விலை

அமெரிக்க விமானிகள் பலருக்கு வீடு ஓர் ஊர், வேலை தொடங்குவது வேறோர் ஊர். கேப்டன் சம்மதித்தால், பிற கம்பெனி விமானத்தின் காக்பிட்டில் கூடுதலாக உள்ள ஜம்ப்சீட்டில் ஓசியில் போகலாம். காசில்லாத பண்டமாற்று!

1994 ஏப்ரல் 7-இல் ஃபெடெக்ஸ் 705-இல் இப்படி ஏறிய அதே கம்பெனி ஊழியர், சுத்தியலால் விமானிகளைத் தாக்கினார். படுகாயத்தோடும் விமானத்தைப் பத்திரமாக மெம்பிஸில் இறக்கினார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் பிற கம்பெனி விமானிகளுக்குக் காக்பிட் கதவு மூடியது. அடையாளத்தைக் கணினியில் சரிபார்க்கும் முறை வந்தபிறகே திறந்தது.

2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் 3407 விழுந்து 50 பேர் இறந்தனர். துணை விமானி சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் பறந்து வேலைக்கு வந்தவர். களைப்பும் விமானிகளைப் பாதித்திருக்கக்கூடும் என்றது விசாரணை.

ஆகவே நண்பர்களே, சீட்டைப் பகிர்ந்தால் மட்டும் போதாது. முதல் நாளே வந்து தூங்க இடமும் வேண்டும். அந்தச் செலவு யார் கணக்கில்? கம்பெனி கணக்கில் என்பேன். நீங்கள்?