வாந்தியெடுத்த வார்த்தைகள்!

1601-ம் ஆண்டு. லண்டனில் பென் ஜான்சன் எழுதிய 'பொயட்டாஸ்டர்' நாடகம் நடக்கிறது. கதை, பழைய ரோமாபுரிக் கதை. அதில் கிரிஸ்பினஸ் என்றொரு அரைகுறைக் கவிஞன். வாயைத் திறந்தால் யாருக்கும் புரியாத கடினமான வார்த்தைகளாகக் கொட்டுவான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அவனைப் பிடித்து உட்கார வைத்து மாத்திரை கொடுக்கிறார்கள். எதிரே ஒரு பாத்திரத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள். கொஞ்ச நேரத்தில்... 'உவ்வே!'

வெளியே வந்து விழுந்ததெல்லாம் வார்த்தைகள்! 'ரெட்ரோகிரேட்'... 'ரெசிப்ரோகல்'... 'டிஃபங்க்ட்'... 'ஸ்பூரியஸ்'... 'ஸ்ட்ரெனுவஸ்'... 'கான்ஷியஸ்'... ஒவ்வொன்றாக வாந்தியெடுக்கிறான் அந்தக் கவிஞன். ஜான்சன் தன் போட்டியாளரான ஜான் மார்ஸ்டன் என்ற நாடகாசிரியரை வாரிய வாரல் அது.

கொஞ்சம் நில்லுங்கள். 'கான்ஷியஸ்' வாந்தியெடுக்க வேண்டிய வார்த்தையா? இன்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற சாதாரண ஆள்கூட 'பேஷன்ட் கான்ஷியஸா இருக்காரா?' என்று கேட்கிறாரே! 'ரெசிப்ரோகல்' பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் வருகிறதே!

இன்று இங்கிலீஷில் கடினமான வார்த்தைகளைப் பார்த்து நாம் மிரள்கிறோம் அல்லவா? நானூறு வருடங்களுக்கு முன்பு இங்கிலீஷ்காரர்களே அப்படித்தான் மிரண்டுபோய் நின்றார்கள். தாய்மொழியிலேயே!

காரணம் இதுதான். பதினாறாம் நூற்றாண்டில் கிரேக்க, லத்தீன் நூல்களை எல்லாம் இங்கிலாந்தில் விழுந்து விழுந்து படிக்க ஆரம்பித்தார்கள். மொழிபெயர்க்க உட்கார்ந்தால் இங்கிலீஷில் சொல் கிடைக்கவில்லை. அறிஞர்கள் என்ன செய்தார்கள்? லத்தீன் சொல்லை அப்படியே தூக்கி, வாலைக் கொஞ்சம் நறுக்கி, இங்கிலீஷுக்குள் விட்டுவிட்டார்கள். ஆயிரக்கணக்கான வார்த்தைகள் இப்படி உள்ளே வந்தன. தேவைக்காகக் கொண்டுவந்தவர்களும் உண்டு. பந்தாவுக்காகக் கொண்டுவந்தவர்களும் உண்டு.

எரிச்சலான மக்கள் இந்த வார்த்தைகளுக்கு ஒரு பட்டப்பெயரே வைத்தார்கள் - 'இங்க்ஹார்ன்' வார்த்தைகள். அந்தக் காலத்தில் மாட்டுக் கொம்பைக் குடைந்து அதில் மை ஊற்றி வைத்துக்கொள்வது வழக்கம். மைக்கொம்பிலிருந்து பிறந்த வார்த்தை, வாயிலிருந்து பிறந்ததல்ல என்று நக்கல்!

1553-ல் தாமஸ் வில்சன் என்பவர் தன் நூலில் ஒரு கேலிக் கடிதத்தையே சேர்த்து அச்சிட்டார். வேலை கேட்டு ஒருவன் எழுதுவது மாதிரியான கடிதம். ஒவ்வொரு வரியிலும் வாயில் நுழையாத சொற்கள். வில்சன் சிரித்த அந்தச் சொற்களில் சில - 'செலிபரேட்', 'டெக்ஸ்டெரிட்டி', 'மண்டேன்'. பிறந்தநாளை 'செலிபரேட்' பண்ணும் நமக்கு, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால், அதே கடிதத்தில் இருந்த 'இன்ஜென்ட்', 'ஆப்டெஸ்டேட்' போன்றவை அட்ரஸ் இல்லாமல் போய்விட்டன.

எதிர்க்கோஷ்டியில் இன்னொரு பெரிய மனிதர், ஜான் சீக். கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியர். இளவரசராக இருந்த ஆறாம் எட்வர்டுக்கு ஆசிரியர். கிரேக்கத்தைக் கரைத்துக் குடித்த அவர்தான், 'இங்கிலீஷில் கலப்படமே கூடாது' என்றார்! பைபிளில் மத்தேயு சுவிசேஷத்தை மொழிபெயர்க்கும்போது அதைச் செய்தும் காட்டினார். 'லூனாடிக்' என்ற சொல்லுக்குள் சந்திரனைக் குறிக்கும் 'லூனா' என்ற லத்தீன் இருக்கிறதா? தூக்கு அதை! 'மூன்ட்' என்று போடு! நூறு வீரர்களுக்குத் தலைவனான 'சென்சூரியன்', 'ஹண்ட்ரடர்' ஆனான். எதுவும் நிற்கவில்லை.

பண்டிதர்கள் இப்படி மோதிக்கொண்டிருக்க, நடுவில் மாட்டிக்கொண்டது யார்? லத்தீன் தெரியாதவர்கள். அதாவது, பெரும்பாலான மக்கள். லத்தீன் சொல்லிக் கொடுத்த கிராமர் பள்ளிகள் ஆண் பிள்ளைகளுக்கானவை. பணக்கார வீட்டுப் பெண் என்றால்கூட, வீட்டிலேயே ஆசிரியர் வைத்துப் படித்தால்தான் உண்டு. சர்ச்சில் பாதிரியார் பிரசங்கம் பண்ணுகிறார். பேசுவது சொந்த மொழி. பாதி புரியவில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கேட்கவும் வெட்கம். இந்த அவஸ்தை உங்களுக்கும் எனக்கும் தெரியாததா என்ன!

அவர்களுக்காக ஒருவர் உட்கார்ந்து வேலை செய்தார். பெயர் ராபர்ட் காட்ரி. ரட்லண்டில் ஓக்கம் என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு சவுத் லஃபன்ஹாம் என்ற கிராமத்தில் பாதிரியார் ஆனவர். மனதில் பட்டதைப் பேசிவிடும் மனிதர். அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பிரார்த்தனைப் புத்தகத்தையே மேடையில் குறை சொல்லிவிட்டார். விடுவார்களா? விசாரணை வைத்து பதவியைப் பறித்தார்கள். காட்ரி கோர்ட்டுக்குப் போனார். 1591-ல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. 'காட்ரி வழக்கு' என்று இங்கிலாந்து சட்ட வரலாற்றில் அது பிரசித்தம்.

வேலை போனவர், 1604-ல், அறுபதைத் தாண்டிய வயதில், ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். 'எ டேபிள் ஆல்ஃபபெட்டிகல்' என்று பெயர். சுமார் 2,500 கடினமான சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எளிய இங்கிலீஷில் அர்த்தம். யாருக்காக? பெண்களுக்காகவும், படிப்பு அதிகம் இல்லாதவர்களுக்காகவும் என்று முகப்பிலேயே போட்டார். தன்னிடம் படித்த மாணவர் ஒருவரின் சகோதரிகளான ஐந்து சீமாட்டிகளுக்குப் புத்தகத்தைக் காணிக்கையாக்கினார். அவருடைய மகன் தாமஸ் - அவரும் ஆசிரியர்தான் - உதவி செய்தார். இங்கிலீஷுக்கு இங்கிலீஷிலேயே அர்த்தம் சொன்ன முதல் அகராதி இதுதான்!

புத்தகத்தில் வேடிக்கைகளுக்குக் குறைவில்லை. அகர வரிசை என்பதே பலருக்குப் புதுசு. அதனால் 'ஏ'யில் ஆரம்பிக்கும் சொல்லை முன்பக்கம் தேடு, 'வி'யில் ஆரம்பித்தால் கடைசிப் பக்கம் போ என்று பொறுமையாகச் சொல்லித் தருகிறார். சரியாக எழுதக் கற்றுத்தரும் புத்தகம் என்ற முகப்பிலேயே 'வேர்ட்ஸ்' என்ற சொல் இரண்டு விதமான ஸ்பெல்லிங்கில் இருக்கிறது! முதலைக்கு அர்த்தம், ஒரு வகை மிருகம் என்பதோடு முடிந்தது. சரக்கில் கணிசமான பகுதி, எட்மண்ட் கூட் என்ற ஆசிரியர் 1596-ல் போட்ட பாடப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

ஆனாலும், காட்ரி செய்த ஒரு காரியத்துக்காக அவரைக் கும்பிடலாம். எந்தச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது, எது பிரெஞ்சிலிருந்து வந்தது என்று பக்கத்திலேயே அடையாளம் போட்டுவைத்தார். வேர் தெரிந்தால் சொல் பிடிபடும் என்ற இந்த வழியைத்தான், 1949-ல் நார்மன் லூயிஸ் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி'யும் விரிவாகச் சொல்லிக் கொடுத்தது. நம் ஊர் நடைபாதைக் கடைகளில் பழைய காப்பியாகப் பார்த்திருப்பீர்கள்.

காட்ரிக்குப் பிறகு வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1623-ல் ஹென்றி காக்கரம் தலைகீழாக ஒரு பட்டியல் போட்டார். சாதாரணச் சொல்லைப் பார்த்தால், அதற்குப் பதிலாகப் பயன்படுத்த ஒரு பந்தாவான சொல் கிடைக்கும்! அவர் அகராதியில் இருந்த ஒரு சொல், 'அபெக்விடேட்'. குதிரையேறிப் போய்விடுவது என்று அர்த்தம். அந்தச் சொல்லே குதிரையேறிப் போய்விட்டது.

'நாய்', 'பூனை' மாதிரியான அன்றாடச் சொற்களுக்கும் இடம் தர வேண்டும் என்று இங்கிலீஷ் அகராதிக்காரர்களுக்குத் தோன்றவே நூறு வருடம் ஆனது. 1702-ல் வந்த அகராதிதான் அதை ஆரம்பித்து வைத்தது. சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற பெரிய அகராதி 1755-ல் வந்தது.

மைக்கொம்பு வார்த்தைகளில் 'செலிபரேட்' பிழைத்ததும், 'ஆப்டெஸ்டேட்' செத்ததும் எந்தப் பண்டிதரும் தீர்மானித்ததல்ல. ஜனங்களுக்கு எது உபயோகப்பட்டதோ, அது அவர்கள் வாயில் புரண்டு புரண்டு வழவழப்பாகி நின்றுவிட்டது. புதுச் சொல்லைக் கற்கிற நமக்கும் அதேதான். மனப்பாடம் செய்த பட்டியல் பரீட்சை முடிந்ததும் பறந்துவிடும். நாலு தடவை பேச்சில் பயன்படுத்திய சொல் கூடவே இருக்கும்.

காட்ரியின் முதல் பதிப்பில் உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில், போட்லியன் நூலகத்தில் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அறிஞர்கள் இன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆராயும் அந்தப் புத்தகம், 'உனக்கெல்லாம் இது புரியாது' என்று ஒதுக்கப்பட்டவர்களுக்காக எழுதப்பட்டது!