கையேட்டு எண்ணும் திண்டுக்கல் புழுதியும்

சில ஆண்டுகளுக்கு முன் கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி மலையில் நம் மகிழுந்தின் பிரேக் மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கின் துணையோடு ஓரங்கட்டினோம். பிரேக் திரவம் நான்கு ஆண்டுகளாக மாற்றப்படவில்லை என்பது பின்னரே தெரிந்தது. கையேட்டில் கிலோமீட்டர் எண்ணை மட்டும் பார்த்த நாம், அருகிலிருந்த 'அல்லது இரண்டு ஆண்டுகள்' என்ற குறிப்பைக் கவனிக்கவில்லை. தயாரிப்பாளர் சொல்லும் பராமரிப்புக் கெடுவை எப்போது நம்புவது என்ற கேள்வி அன்றுதான் நமக்குள் எழுந்தது.

இதற்கு வரலாறு ஒரு விடை தருகிறது. இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலன்களைச் செய்தது. மரக்கரியிலிருந்து பெற்ற வாயுவில் பேருந்துகள் ஓடின. அவ்வாயுவோடு சாம்பலும் தாரும் கலந்து வந்தமையால் வடிகட்டிகளை அடிக்கடி துப்புரவு செய்யவேண்டியிருந்தது. பெட்ரோலுக்கென எழுதப்பட்ட கெடு அங்கே செல்லாது. எரிபொருள் மாறியதும் எண்ணும் மாறியது.

டீசலின் கதையும் இத்தகையதே. 1990களின் நடுப்பகுதி வரை இந்திய டீசலில் 1 விழுக்காடு கந்தகம் வரை இருக்கலாம். அது எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். எஞ்சின் எண்ணெயிலுள்ள காரப்பொருள் அவ்வமிலத்தை முறித்து முறித்தே தீர்ந்துபோகும். ஆகவே, எண்ணெயைச் சீக்கிரம் மாற்று என்று சொன்ன பழைய மெக்கானிக்குகள் அறியாமையால் சொல்லவில்லை. கந்தக அளவு 2017இல் நாடெங்கும் பத்து லட்சத்தில் 50 பங்காகவும், 2020இல் 10 பங்காகவும் குறைந்தது. எண்ணெயின் தரமும் உயர்ந்தது. இன்றைய கையேடு நீண்ட கெடு தருவதற்குக் காரணம் உண்டு. பழைய வழக்கத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பது வீண்செலவாகும்.

ஆனால் எரிபொருள் மாறிய அளவுக்கு நம் ஊர்ப் புழுதி மாறவில்லை. தோட்டத்து மண்பாதைகளில் புகுந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் வண்டியும், நான்குவழிச் சாலையில் மட்டும் ஓடும் வண்டியும் ஒன்றல்ல. புழுதி, மிகுபாரம், மலையேற்றம், குறுந்தொலைவு ஓட்டம் ஆகியவற்றைக் 'கடும் பயன்பாடு' என்று பல கையேடுகளே தனியாகப் பிரித்து, குறைந்த கெடு தருகின்றன. நம்மில் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

நாம் கண்ட முடிவு இது. காற்று வடிகட்டி, பிரேக் கட்டை போன்று கண்ணால் பார்த்து அறியத்தக்கவற்றுக்கு ஊரின் நிலையே அளவுகோல். கெடுவுக்கு முன்பே பார்த்துவிடுவது நன்று. டைமிங் பெல்ட், பிரேக் திரவம் போன்று உள்ளே மறைவாக மூப்படைபவற்றுக்குக் கையேட்டின் எண்ணே இறுதி எல்லை; அதைத் தாண்டலாகாது. டாட் 3 வகைப் பிரேக் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியபின் அவ்வெல்லை 140 வரை இறங்கக்கூடும். நீண்ட மலையிறக்கத்தில் அந்த வெப்பம் எட்டாததன்று. வண்டி ஓடாமல் நின்றாலும் அத்திரவம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும்.

அன்று மலையில் நாம் பிழைத்தது தற்செயலே. இப்போது கையேட்டில் கிலோமீட்டரோடு மாதத்தையும் சேர்த்தே படிக்கிறோம்.